நான்கு எண்கள், ஒரு மணி நேரம்

பழைய விண்டோஸ் கணினி ஒன்றுக்கு நியூயார்க் நகரத்தின் நேரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் 44 பைட்டுக்குள் அடங்கிவிடும். உலகப் பொது நேரத்துக்கு எத்தனை நிமிடம் பின்னால் இருக்க வேண்டும், கோடையில் எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், எந்த மாதத்தின் எத்தனையாவது ஞாயிறு கூட்ட வேண்டும், எந்த மாதத்தின் எத்தனையாவது ஞாயிறு திரும்ப எடுக்க வேண்டும் என்பவைதான் அதில் இருக்கும். 2006 வரை அங்கே 4, 1, 10, 5 என்ற எண்கள் இருந்தன. நான்காம் மாதம் முதல் ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். பத்தாம் மாதம் கடைசி ஞாயிறு அன்று பின்னே வரும். 5 என்று போட்டால் ‘கடைசி’ என்று கணினி புரிந்துகொள்ளும்.

2005 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் 110-வது பிரிவு அந்த நான்கு எண்களையும் 3, 2, 11, 1 என்று மாற்றியது. 2007 முதல் பகலொளி சேமிப்பு நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி, நவம்பர் முதல் ஞாயிறு முடியும். காகிதத்தில் ஒரு வரித் திருத்தம். ஆனால் கணினிகளில் அந்த எண்கள் ஓரிடத்தில் இல்லை. விண்டோஸ் ஒரு பிரதி வைத்திருந்தது. ஜாவா அதை நம்பாமல் தனக்கென்று இன்னொன்று வைத்திருந்தது. பிளாக்பெர்ரி கைபேசியில் ஒன்று, அலுவலக சர்வரில் ஒன்று, சில நிரல்களின் உள்ளேயே யாரும் எளிதில் எட்ட முடியாதபடி ஒன்று.

2007 மார்ச் 11 ஞாயிறு அதிகாலை 2 மணிக்குப் புதிய விதி முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. சிலர் அஞ்சியதுபோல் பெரிய விபரீதம் எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்தது சிறியது, ஆனால் பரவலானது. அஞ்சல்களின் நேரம் ஒரு மணி நேரம் தவறியது. பதில் கடிதம் கேள்விக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டத்துக்குப் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்பே வந்தார்கள், அல்லது பின்னால் வந்தார்கள். ஏப்ரல் 1 அன்று பழைய விதிப்படியும் கோடை நேரம் தொடங்கிவிட்டதால் இந்தத் தொல்லை தானாகவே மறைந்தது. அக்டோபர் 28 அன்று மீண்டும் தலைகாட்டி, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனது. விட்டு விட்டு வரும் காய்ச்சல் மாதிரியான பிழை இது. மூன்று வாரம் பொறுத்தால் சரியாகிவிடுகிறதே என்று பலரும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் திருத்தப்படாத பழைய கணினிகளில் அது ஆண்டுதோறும் இருமுறை வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

உயிர் போகிற பிரச்சினை இல்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரு அஞ்சல் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பது வழக்கு மன்றத்தில் சாட்சியாகும், ஒப்பந்தத்தில் கெடுவாகும், அலுவலகத்தில் யார் முதலில் சொன்னார்கள் என்பதற்கு ஆதாரமாகும். கணினியில் நேரம் என்பது சட்டம் போட்டு வைத்த விதி. சட்டம் மாறும்போது அந்த விதியை மாற்றும் வழி கணினியை வைத்திருப்பவர் கையில் இருக்க வேண்டும். 2007 அதைத்தான் காட்டிக் கொடுத்தது.

வெளிச்சத்துக்காக ஒரு சட்டம்

சட்டத்தின் நோக்கம் மின்சாரச் சிக்கனம். மாலையில் வெளிச்சம் அதிகம் இருந்தால் விளக்கு எரிவது குறையும் என்பது முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே சொல்லப்படும் கணக்கு. ஜெர்மனி 1916-ல் தொடங்கிவைத்தது, அமெரிக்கா 1918-ல் பின்பற்றியது. பிரதிநிதிகள் சபையில் எட் மார்க்கியும் ஃப்ரெட் அப்டனும் கொண்டுவந்த முதல் திட்டம் இரண்டு மாத நீட்டிப்பு. விமான நிறுவனங்கள் பன்னாட்டு அட்டவணை குலையும் என்று எதிர்த்தன. கடைசியில் அது நான்கு வாரமாகச் சுருங்கியது.

பலன் என்ன? அமெரிக்க எரிசக்தித் துறை 2008-ல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையின்படி மிச்சம் 130 கோடி யூனிட் மின்சாரம். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நாட்டின் ஓராண்டு நுகர்வில் அது 0.03 சதவீதம். இண்டியானா மாநிலம் 2006-ல்தான் முழுவதுமாகப் பகலொளி சேமிப்பு நேரத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தை வைத்து மேத்யூ காட்சனும் லாரா கிராண்டும் செய்த ஆய்வில் வீடுகளின் மின் செலவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியிருந்தது. விளக்கில் மிச்சமானதைக் குளிர்சாதனமும் வெப்பமூட்டியும் தின்றுவிட்டன.

இன்னொரு தேதியும் இங்கே முக்கியம். இதற்கு முந்தைய விதி 1987-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கி 2006 வரை இருபது ஆண்டுகள் அமெரிக்க நேர விதி அசையவில்லை. அலுவலக மேசைக்குக் கணினி வந்தது, இணையம் வந்தது, வீட்டுக்கு வீடு மின்னஞ்சல் வந்தது எல்லாம் இந்த இருபது ஆண்டுகளில்தான். அந்தத் தலைமுறை நிரலர்கள் வேறு விதியைக் கண்டதே இல்லை. ஏப்ரல் முதல் ஞாயிறு என்பதை அவர்கள் வாரத்துக்கு ஏழு நாள் என்பதுபோல எழுதிவிட்டார்கள்.

அஞ்சலின் தேதி வரி

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் ஒரு தேதி வரி இருக்கும். நாள், மணி, நிமிடம், நொடி, அதன் பின்னால் ஒரு குறியும் நான்கு இலக்கமும். நியூயார்க்கின் குளிர்காலத்தில் அது -0500, கோடையில் -0400. உலகப் பொது நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னே, நான்கு மணி நேரம் பின்னே என்று பொருள். சென்னையிலிருந்து போகும் அஞ்சலில் +0530.

இந்தச் சிறிய வாலில் பெரிய அறிவு இருக்கிறது. அனுப்புகிறவரின் சுவர்க் கடிகாரம் என்ன காட்டியது என்பதையும், அது உலகக் கணக்கில் எந்தக் கணம் என்பதையும் ஒரே வரியில் அது சொல்லிவிடுகிறது. நவம்பரில் கடிகாரம் பின்னே வரும் இரவில் 1.30 மணி இரண்டு முறை வரும். அந்த இரண்டு 1.30-களையும் பிரித்துக் காட்டக்கூடியது இந்த நான்கு இலக்கம் மட்டும்தான்.

ஆரம்பத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. 1982-ல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறை, இஎஸ்டி, இடிடி போன்ற எழுத்துச் சுருக்கங்களையும் அனுமதித்தது. இஎஸ்டி என்று போட்டால் அமெரிக்கர் நியூயார்க்கை நினைப்பார், ஆஸ்திரேலியர் சிட்னியை நினைப்பார். ராணுவம் பயன்படுத்தும் ஒற்றை எழுத்து நேர மண்டலங்களுக்கு அந்த விதிமுறையே கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றி அச்சிட்டுவிட்டது. 1989-ல் ஆர்எஃப்சி 1123 அதைச் சுட்டிக்காட்டி, எண்களையே பயன்படுத்துங்கள் என்றது. 2001-ல் ஆர்எஃப்சி 2822, அந்த ஒற்றை எழுத்துகளை இனி நம்ப வேண்டாம், மண்டலம் தெரியாதது என்றே கொள்ளுங்கள் என்று முடித்துவைத்தது. பழைய யூனிக்ஸ் அஞ்சல் பெட்டிகளில் ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் வரும் பிரிப்பு வரியில் பெரும்பாலும் மண்டலமே இருக்காது. தலைப்பகுதியைத் தொலைத்துவிட்டு அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டவர்களால் பழைய கடிதத்தின் உண்மையான நேரத்தைச் சொல்ல முடியாது.

பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் இந்தத் தலைப்பகுதிதான் கைகொடுக்கும். அஞ்சல் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தை ஒரு வரியாகப் பதித்துவிட்டுப் போகும். புதியது மேலே, பழையது கீழே. அனுப்பியவரின் தேதி வரியையும் சர்வர்களின் வரிகளையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் சில நொடி வித்தியாசத்தில் ஒத்துப்போய், திரையில் மட்டும் ஒரு மணி நேரம் தவறாகத் தெரிந்தால், பிழை படிப்பவரின் கணினியில். சர்வர்கள் ஒத்துப்போய், தேதி வரி மட்டும் ஒரு மணி நேரம் விலகி நின்றால், பிழை அனுப்பியவரிடம். நடுவில் ஒரு சர்வர் மட்டும் விலகினால், அந்த சர்வரில். இதைப் பார்க்காமல் கடிகாரத்தில் கைவைத்தவர்கள்தான் சிக்கலைப் பெரிதாக்கினார்கள்.

முள்ளைத் திருப்பியவர்கள்

நியூயார்க்கில் ஒருவர் 2007 மார்ச் 14 காலை 10 மணிக்கு ஓர் அஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய விதி தெரிந்த கணினி 10:00 -0400 என்று எழுதும். உலகப் பொது நேரம் 14:00. சென்னையில் அதைப் பெறுபவரின் திரையில் இரவு 7.30.

புதிய விதி தெரியாத பழைய கணினி என்ன எழுதும்? அது இன்னும் குளிர்காலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 09:00 -0500 என்று எழுதும். இதையும் மாற்றிப் பாருங்கள். அதே 14:00. சென்னையில் அதே 7.30. அனுப்பியவரின் திரையில் மணி தவறு, ஆனால் அஞ்சல் பொய் சொல்லவில்லை.

இப்போது ஒரு நல்ல மனிதர் வருகிறார். கணினியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதைப் பார்த்து, அதை 9 மணியிலிருந்து 10 மணிக்குத் திருப்பிவைக்கிறார். திரை சரியாகிவிட்டது. ஆனால் கணினி இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கிறது. இனி அது 10:00 -0500 என்று எழுதும். உலகப் பொது நேரம் 15:00. அஞ்சல் ஒரு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வருகிறது. சென்னையில் இரவு 8.30 என்று காட்டி, அடுத்து வரும் ஒரு மணி நேரத்து அஞ்சல்களுக்கெல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கணினியின் அறியாமையால் திரை மட்டும் தவறியது. மனிதர் முள்ளைத் திருப்பியதால் உலகம் முழுவதற்கும் தவறான நேரம் போனது. அந்த வாரங்களில் எதிர்காலத்திலிருந்து வந்த அஞ்சல்களில் இப்படிப் பிறந்தவை ஏராளம். நிறுவன வலையமைப்பில் இதன் விளைவு இன்னும் கடுமை. விண்டோஸ் டொமைனில் பயனரை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, கணினிக்கும் சர்வருக்கும் ஐந்து நிமிட வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளும். அது பார்ப்பது உலகப் பொது நேரத்தை. ஒரு மணி நேரம் நகர்த்திய கணினியை அது உள்ளே விடாது.

இணையத்திலிருந்து நேரம் பெற்றுக்கொண்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்பியவர்களும் உண்டு. என்டிபி என்ற அந்த முறை உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும். நியூயார்க்கில் இப்போது கோடையா குளிர்காலமா என்று அதற்குத் தெரியாது. மனிதர் திருப்பிவைத்த முள்ளை அது சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். அவர் மறுபடி திருப்புவார். அது மறுபடி இழுக்கும்.

நாட்காட்டி செய்த அவசரம்

அஞ்சலாவது நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. நாட்காட்டியின் வேலை வரப்போவதைப் பதிவு செய்வது. பெரிய சேதம் அங்கேதான்.

2006 டிசம்பரில் ஒருவர் அவுட்லுக்கில், 2007 மார்ச் 20 காலை 10 மணிக்குக் கூட்டம் என்று குறித்துவைக்கிறார். அவுட்லுக் அந்தப் ‘பத்து மணி’யை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தெரிந்த பழைய விதிப்படி உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, 15:00 என்று சேமித்துவிட்டது. பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் பேட்ச் வருகிறது. கணினி புதிய விதியைக் கற்றுக்கொள்கிறது. இப்போது 15:00-ஐத் திரும்ப மாற்றினால் காலை 11 மணி. ஒழுங்காக பேட்ச் போட்டவரின் கூட்டம் தள்ளிப்போனது, போடாதவரின் கூட்டம் பத்து மணிக்கே நின்றது. நாள் முழுவதுக்குமான பிறந்தநாள், விடுமுறைக் குறிப்புகள் ஒரு மணி நேரம் நகர்ந்து இரண்டு நாளில் பரவின.

இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் தனிக் கருவிகளை வெளியிட்டது. தனிக் கணினிக்கு ஒன்று, எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு ஒன்று. கருவி எதிர்கொண்ட கேள்வி கடினமானது. 15:00 என்று இருக்கும் ஒரு கூட்டம் பழைய விதியில் குறிக்கப்பட்டதா, புதிய விதியிலா? சேமித்த எண்ணில் அதற்கு விடை இல்லை. குறித்த தேதியை வைத்தும், கணினிக்கு பேட்ச் போட்ட தேதியை வைத்தும் ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டே சொன்ன எளிய யோசனை, கூட்ட அழைப்பின் தலைப்பிலேயே மணியை எழுத்தில் போட்டுவிடுங்கள் என்பது. அதுதான் மிகச் சரியான யோசனையும்கூட. மனிதர்கள் ஒப்புக்கொண்டது நியூயார்க்கில் காலை பத்து மணி என்பதை. 15:00 என்பது அந்த ஒப்பந்தத்திலிருந்து கணினி போட்ட கணக்கு. விதி மாறினால் கணக்கு மாறும், ஒப்பந்தம் மாறாது. வரப்போகும் நேரத்தை ஊர்ப்பெயரோடும் சுவர்க் கடிகார மணியோடும் சேமிக்க வேண்டும், கணக்கைக் கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கும் இதைத் தவறாகச் செய்யும் மென்பொருள்கள் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருப்பது வருத்தமானது.

கடல் கடந்தவர்களுக்குக் குழப்பம் வேறு விதம். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரை மாறாது. ஆகவே 2007 மார்ச் 11 முதல் 25 வரை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்கு. இந்தியா மாறுவதே இல்லை. நியூயார்க்கின் காலை 9 மணி குளிர்காலத்தில் சென்னையின் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் சென்னை மென்பொருள் ஊழியர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போகும் பேருந்தைத் தீர்மானிக்கும் விஷயம்.

விதிகளைக் காத்தவர்கள்

யூனிக்ஸ் உலகம் இந்தச் சோதனையை ஒப்பளவில் எளிதாகக் கடந்தது. காரணம் ஒரு தரவுத் தொகுப்பு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது. பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் எகெர்ட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் வளர்த்தார்கள். உலகின் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் எந்த ஆண்டு எந்த விதி இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தது உட்பட. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு இல்லை. 2011-ல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் பழைய நேர விவரங்களுக்குப் பதிப்புரிமை கோரி ஓல்சன்மீதும் எகெர்ட்மீதும் வழக்குப் போட்டது. தொகுப்பு சில நாள் முடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் ஐயானா என்ற இணைய எண் நிர்வாக அமைப்பின் பொறுப்புக்குப் போனது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் கைபேசி இன்று சரியான நேரத்தைக் காட்டுவதில் இந்தத் தன்னார்வலர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய விண்டோஸில் ஒரு மண்டலத்துக்கு ஒரே ஒரு விதிதான். கடந்த ஆண்டுக்கு வேறு விதி என்று சொல்ல இடமே இல்லை. ஆகவே எக்ஸ்பி கணினிக்கு 2007 பேட்ச் போட்டவுடன், 2006 மார்ச் 20 அன்று காலை 10 மணிக்கு வந்த பழைய அஞ்சல் 11 மணிக்கு வந்ததாகக் காட்டத் தொடங்கியது. நிகழ்காலத்தைத் திருத்தினால் கடந்தகாலம் கெட்டது. ஆண்டுவாரியான விதிகள் விண்டோஸில் விஸ்டாவோடுதான் வந்தன.

நேரத் தொகுப்பில் இலங்கையின் பக்கம் தமிழர்கள் அறிய வேண்டியது. 1996-ல் கடும் மின்வெட்டு. இலங்கை அரசு அந்த மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, உலகப் பொது நேரத்தோடு ஆறரை மணி வேறுபாட்டுக்குப் போனது. அக்டோபரில் ஆறு மணியாகக் குறைத்தது. அங்கேயே ஒன்பது ஆண்டுக்கு மேல் நின்று, 2006 ஏப்ரல் 15 அன்று ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கடிகாரம் ஐந்தரையிலேயே ஓடியது. ஒரே தீவில், போர்க் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு நேரம். நேரத் தொகுப்பில் கொழும்பு என்ற ஒரே பதிவுதான் உண்டு. மறுபுறத்து நேரம் ஒரு குறிப்பாக மட்டும் இடம்பெற்றிருக்கிறது.

2006-ல் பேட்ச் வராத இலங்கைக் கணினிகள் அஞ்சலில் +0600 என்றே எழுதிக்கொண்டிருந்தால் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விண்டோஸ் மண்டலப் பட்டியலில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரத்தை விட்டுவிட்டு, ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடிகாரத்தைத் தொடாமல் மண்டலத்தை மாற்றுவது என்ற இந்த வழிதான் எல்லாப் பழைய கணினிகளுக்கும் பொருந்துவது.

கைவிடப்பட்ட கணினிகள்

2007-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு இலவச பேட்ச் கொடுத்தது. விண்டோஸ் 2000-க்கு முதன்மை ஆதரவு 2005 நடுவிலேயே முடிந்திருந்ததால் அதற்கான பேட்ச் காசுக்குத்தான். விலை 4,000 டாலர். என்டி 4-க்கும் 98-க்கும் அதுவும் இல்லை. ஆப்பிள் மேக் ஓஎஸ் எக்ஸின் 10.3.9-க்கும் 10.4-க்கும் திருத்தம் கொடுத்தது. மேக் ஓஎஸ் 9 வைத்திருந்தவர்கள் தனித்து விடப்பட்டார்கள்.

விண்டோஸ் 2000 அன்று ஏழு வயது மென்பொருள். சிறு மருத்துவமனைகள், அச்சகங்கள், பள்ளிகள் என்று எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் பழுது இல்லை. வெளியே சட்டம் மாறியிருக்கிறது, உள்ளே நான்கு எண்கள் மாற வேண்டும், அதற்கு ஒரு கணினியின் விலையைவிடப் பல மடங்கு கட்டணம். பெரிய புதிய வசதிக்குக் காசு கேட்கலாம். நாடாளுமன்றம் மாற்றிய தேதிக்குக் காசு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே நிறுவனம், கையால் திருத்தும் முறையை விரிவாக எழுதி யாரும் படிக்கும்படி வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். காசு கொடுக்க முடியாதவர்களைக் காப்பாற்றியது அந்தக் குறிப்புதான்.

இந்தத் தலைவலி முடிந்துபோன கதை இல்லை. 2023 மார்ச் 23 அன்று லெபனான் பிரதமர் நஜீப் மிகாதி, மூன்றே நாளில் தொடங்க வேண்டிய கோடை நேரத்தை ரமலான் முடியும்வரை தள்ளிவைத்தார். மரோனைட் திருச்சபை ஏற்க மறுத்தது. கைபேசிகள் பழைய விதிப்படி தாமாக முன்னே போயின. சில நாள் ஒரே தெருவில் இரண்டு நேரம் நடந்தது, பின்பு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. நேர விதியை மாற்றும் அரசுகள் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று நேரத் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் கெஞ்சிக் கேட்டுவருகிறார்கள். அமெரிக்கா தந்தது பத்தொன்பது மாதம், அப்படியும் இவ்வளவு பாடு. ஆண்டு முழுவதும் கோடை நேரமே இருக்கட்டும் என்ற மசோதாவை அமெரிக்க செனட் 2022 மார்ச் 15 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபை எடுக்காததால் அது காலாவதியானது. மறுபடி வரலாம்.

ஆகவே பழைய கணினியை இன்னும் அஞ்சலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் திருத்தும் முறையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பழைய விண்டோஸில் மண்டல விதி ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. டிஇசட்எடிட் என்ற மைக்ரோசாஃப்ட்டின் சிறு கருவியால் மாதத்தையும் ஞாயிறையும் மாற்றலாம். பலர் தவறவிடும் ஒரு படி உண்டு. பட்டியலில் இருக்கும் விதியை மாற்றினாலும், கணினி இப்போது பயன்படுத்தும் விதி வேறோர் இடத்தில் பிரதியாக இருக்கும். ஆகவே மண்டலத்தை வேறொன்றுக்கு மாற்றிச் சேமித்து, மறுபடி சொந்த மண்டலத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் புதிய விதி பிரதிக்குப் போகும்.

ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க அஞ்சுபவர்கள், ஆண்டில் பழைய விதியும் புதிய விதியும் வேறுபடும் நான்கைந்து வாரத்துக்கு மட்டும் மண்டலத்தைக் கடன் வாங்கலாம். நியூயார்க்குக்குப் பதில், -0400-ல் நின்று கோடை மாற்றம் இல்லாத ஓர் ஊர். 2007-ல் பழைய விண்டோஸ் பட்டியலில் ‘கராகஸ், லா பாஸ்’ அப்படி ஒரு வரி. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று வெனிசுவேலா தன் நேரத்தை அரை மணி பின்னுக்கு இழுத்துவிட்டது. கடன் வாங்கும் ஊரின் சட்டமும் மாறும், கவனம் வேண்டும். மேக் ஓஎஸ் 9-ல், தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, இப்போது பகலொளி சேமிப்பு நேரம் நடக்கிறது என்பதை ஆண்டுக்கு இருமுறை கையால் குறிக்க வேண்டும். மேக் ஓஎஸ் எக்ஸின் முதல் பதிப்புகளுக்கு அடியில் யூனிக்ஸ் இருப்பதால், நேரத் தொகுப்பின் புதிய கோப்பைக் கொண்டுவந்து மண்டலத்தை அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

சில அஞ்சல் நிரல்கள் இதற்கும் மசியாது. விஷுவல் சி++ நூலகத்தின் பழைய பதிப்புகளில், நேர மண்டலத்தைச் சூழல் மாறி வழியாகக் கொடுத்தால், இயங்குதளத்தைக் கேட்காமல் தன்னுள்ளே எழுதிய பழைய அமெரிக்க விதியையே பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. முதலில் அந்த மாறியை நீக்கிப் பாருங்கள். நிரல் ஜாவாவில் எழுதப்பட்டதென்றால் ஜாவாவின் தனிப் பிரதியையும் புதுப்பிக்க வேண்டும். யூனிக்ஸ் சர்வரில் விதியை மாற்றிய பிறகு அஞ்சல் நிரலையும் மறுபடி தொடங்க வேண்டும். நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மண்டல விதியைத் தொடங்கும்போது ஒருமுறைதான் படித்திருக்கும்.

எல்லாம் செய்தபின், மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கு அடுத்த நாள் உங்களுக்கு நீங்களே ஓர் அஞ்சல் அனுப்பி, அதன் முழுத் தலைப்பகுதியைத் திறந்து, தேதி வரியையும் சர்வரின் வரியையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். நியூயார்க் கணினி என்றால் தேதி வரியின் கடைசி இலக்கங்கள் -0400 என்று இருக்க வேண்டும், இரண்டு வரிக்கும் சில நொடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. -0500 என்று இருந்தால் கடிகாரத்தைத் தொடாதீர்கள். மண்டலப் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள்.